கெட்டிக்காரியின் கடல் தொட்டி

கெட்டிக்காரி என்று பேர் வாங்க ஊரில் சிலர் தலைகீழாக நின்று பார்ப்பார்கள். இவள் விலாங்கு மீனின் வயிற்றை அமுக்கினாள், அவ்வளவுதான். ஏரிக்கரைக் கொட்டகையில் தகரம் அடித்த நீள மேஜை ஒன்று உண்டு. வலையில் சிக்குகிற விலாங்கெல்லாம் முதலில் அந்த மேஜைக்குத்தான் வரும். இடது கையில் பருத்திக் கையுறையை மாட்டி, வழுக்குகிற மீனைக் கழுத்தோடு பிடித்து, உறை போடாத வலது கையின் கட்டைவிரலால் வயிற்றை ஒரு அமுக்கு அமுக்குவாள். விரலை எதிர்த்து நின்றால் "கெட்டி" என்பாள். அமுங்கிக் கொடுத்தால் "தொளதொள" என்பாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயில் இந்த இரண்டு வார்த்தைதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன, மீன் ஏற்ற வரும் லாரிக்காரர் ஒரு நாள் அவளைக் கெட்டிக்காரி என்று கூப்பிட, அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. பிறகு வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார், அதாவது அவர் வாயைத் திறந்த அபூர்வமான சமயங்களில்.

வீட்டுக்காரர் வலை போடுகிறவர். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். அவள் அதற்கு நேர் எதிர். கொட்டகையில் அவள் குரல் கேட்டால் மோட்டார் சத்தம் காதில் விழாது என்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மகன், வெளியூரில் தொழிற்சாலை வேலை. விடுமுறைக்கு வந்து போகும்போது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன் ஒரு தடவைகூட ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டான். அது அவளுக்கு ஆறாத குறை. பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று ஒரு வாரம் கொட்டகையில் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

விலாங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் நல்லவனாக நடிக்கிற ஆளை விலாங்கு என்று உலகம் திட்டுகிறது. பாவம், அந்த மீனுக்கும் நடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. அது பிறப்பது கடலில், கண்காணாத ஆழத்தில். கண்ணாடிச் சீவல் மாதிரிச் சின்னதாக ஆற்றில் ஏறி, ஈரப் பாறையைத் தொற்றிக்கொண்டு அணையையும் தாண்டி, ஏரிக்கு வந்து வருஷக்கணக்காகத் தின்று வளரும். ஒரு பருவத்தில் வயிறு வெள்ளியாக மாறும், கண் பெரிதாகும். அப்போது அதற்குக் கடல் நினைப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். புறப்பட்டுவிட்டால் வழியில் ஒரு வாய் தின்னாது. இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டே கடலைக் கடந்து போய், முட்டையிட்டுச் செத்துப்போகும். அதன் ஆயுசில் அந்த ஒரு பயணம்தான்.

நடுவில் அணை நிற்கிறது. ஏறுகிற குஞ்சுக்கு வழி உண்டு, இறங்குகிற பெரிய மீனுக்கு இல்லை. மின்சாரம் எடுக்கிற இரும்பு இறக்கைகளுக்குள் புகுந்தால் துண்டு துண்டாகத்தான் அந்தப் பக்கம் விழும். அதனால் மீனவர் சங்கத்துக்கும் அணைக்காரர்களுக்கும் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. பிடிக்கிற வெள்ளி விலாங்கில் ஒரு பங்கை லாரியில் ஏற்றி, அணையைச் சுற்றிக் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட வேண்டும். மீதியை விற்றுக்கொள்ளலாம்.

எந்தப் பங்கை விடுவது என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது ஆண்களுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சோனி மீனை ஆற்றுக்கு விடுவோம், நல்லதை மீன் வாங்குகிற ஏவாரிக்குக் கொடுப்போம் என்று முடித்துவிட்டார்கள். அப்போது கல்யாணமாகி வந்து அதிக காலம் ஆகாத பெண் அவள். பின்வரிசையில் எழுந்து நின்றாள்.

"விதைக்குச் சொத்தையை எடுத்து வைக்கிறவன் எங்கயாவது இருக்கானா? அந்தப் புத்திசாலிய எனக்குக் காட்டுங்க."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது அவள் பக்கம் நியாயம் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து கொட்டகையில் இரண்டு தொட்டிகள். கெட்டி மீனெல்லாம் கடல் தொட்டிக்கு, தொளதொள மீனெல்லாம் சந்தைத் தொட்டிக்கு. விலை பேசும்போதெல்லாம் ஏவாரி மூக்கால் அழுவார். சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது பழைய பாட்டைப் பாடுவார்கள். அவள் விட்டுக்கொடுக்கவே இல்லை. அவளிடம் நிலம் கிடையாது, நகை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கடல் தொட்டிதான் அவள் சேர்த்த சொத்து.

லாரி புறப்படுகிற அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. மீனை ஏற்றி முடித்ததும் லாரிக்காரர் லாரித் தொட்டியின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். கெட்டிக்காரி தண்ணீருக்குள் கையை விட்டு, கையில் அகப்பட்ட மீனை அமுக்கி, "கெட்டி" என்று சொன்ன பிறகுதான் மூடுவார். ஆறு வரைக்கும் அவள் போனதில்லை. போய்விட்டால் மேஜையை யார் பார்ப்பது? சாயங்காலம் காலி லாரியோடு திரும்புகிறவரிடம் விசாரிப்பாள். அவரும் வருஷா வருஷம் அதையேதான் சொல்வார்.

"உன் மீனுங்க போக மாட்டேங்குதும்மா. கரையோரமாவே, தண்ணிக்கு மேலாப்புல, சுத்திச் சுத்தி வருது. உன்ன விட்டுப் போக மனசில்ல போல."

"போங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் மேஜையைத் தேய்க்கப் போய்விடுவாள். ஆனால் அன்றைக்கு முழுக்க முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். பெற்ற பிள்ளை திரும்பிப் பார்க்காத குறைக்கு, இந்த வாயில்லாத ஜீவன்களாவது பார்க்கின்றனவே என்று தோன்றும்.

இந்த வருஷம் பருவம் தப்பி வெயில் காய்ந்தது. குளிர வேண்டிய நாளில் தகரக் கூரை அனலாகக் கொதித்தது. ஒரு மத்தியானம் அவள் கையுறை வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது மின்சாரம் நின்றது. தொட்டிகளுக்குக் காற்று அனுப்புகிற பம்பும் நின்றது. வீட்டுக்காரர் கொட்டகைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கியதை அவர் கவனித்து, ஓடிப்போய்க் கை பம்பை மாட்டி அடிக்க ஆரம்பித்தபோது கொஞ்ச நேரம் ஆகிவிட்டிருந்தது. அவள் திரும்பி வந்து பார்த்தால், கடல் தொட்டியில் பாதிக்கு மேல் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

அவள் கத்திய கத்தலில் படகுத்துறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டாள்.

"ஒரு பம்பைப் பாத்துக்கத் துப்பில்ல. ஒரு வருஷத்து மீனக் கொன்னுட்டு நிக்கிறீங்களே, நல்லா இருக்கா இது?"

அவர் கை பம்பை அடித்துக்கொண்டே இருந்தார், வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு மெல்ல நழுவினார்கள். செத்த மீனை அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். எல்லாம் கையில் கல் மாதிரி நின்றன. அத்தனையும் கெட்டி.

கோபம் இறங்கிய பிறகுதான் அது கண்ணில் பட்டது. இரண்டு தொட்டிக்கும் ஒரே பம்பு, ஒரே தண்ணீர், ஒரே வெயில். சந்தைத் தொட்டியில் எல்லாம் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன. நல்ல மீன் சாகிறது, சோனி மீன் பிழைக்கிறது என்றால் என்ன கணக்கு? சங்கத்தில் சொல்லி மீன் டாக்டரை வரவழைக்கச் சொன்னாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கையில் ஒரு பெட்டி, காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வந்ததும் வராததுமாகத் தகர மேஜையைக் கழுவி, கத்தரிக்கோலை எடுத்து வைத்தாள். அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டதில் கெட்டிக்காரிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. செத்த மீன் ஒன்றை மல்லாத்தி, வயிற்றை நீளமாக வெட்டிப் பிரித்து, உள்ளே காற்றுப்பையைக் காட்டினாள். மீன் தண்ணீரில் மிதக்கவும் முங்கவும் உதவுகிற பை அது. மெல்லிசாக, கண்ணாடி மாதிரி, உள்ளே காற்றோடு இருக்க வேண்டும். இது தடித்து, உப்பி, கறுத்திருந்தது. டாக்டர் நுனியில் ஒரு வெட்டுப் போட்டாள். காற்று வரவில்லை. ரத்தம் குடித்துக் கறுத்த புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு வெளியே வந்து தகரத்தில் விழுந்தன. சில இன்னும் அசைந்தன.

மீன் வேலையில் கிடந்து வளர்ந்த கெட்டிக்காரி, எதற்கும் முகம் சுளிக்காதவள், இரண்டடி பின்னால் போய்விட்டாள். அவர்கள் கொட்டகையில் விலாங்கை அறுப்பதே கிடையாது. உயிரோடு பிடிப்பது, உயிரோடு பிரிப்பது, உயிரோடு அனுப்புவது. வீட்டிலும் சமைப்பதில்லை, தினம் தொட்ட கைக்கு அதைத் தின்ன மனசு வராது. இத்தனை வருஷத்தில் ஒரு விலாங்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை.

டாக்டர் இன்னொன்று கேட்டாள். வழக்கம்போல அமுக்கிப் பார்த்து, கெட்டி என்று தோன்றுவதில் சிலது, தொளதொள என்று தோன்றுவதில் சிலது எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். இரண்டு தொட்டியிலிருந்தும் அவளே பொறுக்கிக் கொடுத்தாள். எதற்கு என்று தெரிந்திருந்தும் விரல் பழக்கத்தை மறக்கவில்லை, எப்போதும்போலவே பிரித்துச் சொன்னது. வெட்டிப் பார்த்தார்கள். சந்தைத் தொட்டி மீனில் பெரும்பாலானதில் பை வெறும் காற்றோடு பளபளவென்று இருந்தது, ஏதோ சிலதில் ஒன்று இரண்டு புழு. கடல் தொட்டி மீனில் புழு இல்லாத பை ஒன்றுகூட இல்லை.

கை வைத்து இந்த நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று படிப்பில் சொல்லித் தருவதில்லை என்றாள் டாக்டர். லேசாக இருந்தால் தெரியவே தெரியாது. ஆனால் இந்த ஏரியில் நோய் முற்றிப்போய், பை வீங்கி இறுகிக் கிடக்கிறது. கட்டைவிரலை எதிர்த்து நின்றது கொழுப்பும் அல்ல, பலமும் அல்ல. தூர தேசத்து விலாங்கை ஏவாரத்துக்காக உயிரோடு கொண்டுவந்தபோது கூடவே வந்த புழுவாம் இது. தண்ணீரில் இருக்கிற பொடிப் பூச்சி இதன் குஞ்சைத் தின்னும், பூச்சியைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனை விலாங்கு தின்னும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. வெயிலும் காற்றுக் குறைவும் வந்தால் நோய்ப்பட்ட மீன் முதலில் சாகும். அதுதான் அன்றைக்கு நடந்தது.

"எப்ப இருந்து இருக்கு இது?" என்று கேட்டாள் கெட்டிக்காரி.

டாக்டர் ஒரு பையின் சுவரை விரலில் நீட்டிக் காட்டினாள். காய்த்துப்போன உள்ளங்கை மாதிரி இருந்தது. புழு வந்து, போய், மறுபடி வந்து ஏற்பட்ட தழும்பு என்றாள். ஏரியில் பல வருஷமாகவே இருக்க வேண்டும்.

"அப்ப போன வருஷம் நான் அனுப்பினது, அதுக்கு முந்தி அனுப்பினது… அதெல்லாம் போய்ச் சேந்திருக்குமா டாக்டரம்மா?"

டாக்டர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பாள்.

"தெரியாதுக்கா. அதுங்க முட்டை போடுற எடத்துக்குப் போய் யாரும் எண்ணிப் பாத்ததில்ல. ஆனா கடல்ல அது மேலயும் கீழயும் ஏறி எறங்கியே போகணும். இந்தப் பைய வச்சுக்கிட்டு… ரொம்பக் கஷ்டம்க்கா."

டாக்டர் போன பிறகு கெட்டிக்காரி மேஜையைக் கழுவினாள், கழுவிய மேஜையை மறுபடி கழுவினாள். விதைக்குச் சொத்தையை எடுத்து வைக்கிறவன் எங்கே இருக்கிறான் என்று சபையில் கேட்டவள் அவள். அந்தப் புத்திசாலி யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஏவாரி ஒரு வருஷம்கூட மீன் கெட்டது என்று சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்? சுத்தமான மீனையெல்லாம் அவருக்குத்தானே கொடுத்தாள். புழுப் பிடித்ததையெல்லாம் புகார் சொல்ல வாயில்லாத இடத்துக்குப் பொறுக்கிப் பொறுக்கி அனுப்பினாள். சோனியை ஆற்றுக்கு விடலாம் என்று சொன்ன அந்த ஆண்கள் பேச்சைக் கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவமானமாக இருந்தது. அதற்கு அடியில் அவமானத்தைவிடப் பெரிய துக்கம் இருந்தது, அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்காரர் சமையலறையில் நின்று தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் நிலைப்படியில் நின்றாள். பம்பு மேல் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை, நாலு பேர் முன்னால் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று சொன்னாள். அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒரு தடவை சொன்னேன்" என்றார்.

"என்னன்னு?"

"வலையத் தூக்குறப்போ, நீ கெட்டின்னு சொல்றதெல்லாம் மேலயே சோந்து கெடக்கும். மத்ததுதான் அடியில போய்த் துள்ளும். அதச் சொன்னேன். வலை போடுறதோட நிறுத்திக்கங்கன்னு சொன்ன. நிறுத்திக்கிட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எப்போது சொன்னார் என்று நினைத்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. அப்படிச் சொல்லியிருப்பாள் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் அழுது முடிக்கும் வரை எழுந்து போகவில்லை.

லாரி வருகிற நாள் நெருங்கியது. இந்த வருஷம் சந்தைத் தொட்டி கடலுக்குப் போகட்டும் என்று அவள் சங்கத்தில் சொன்னாள். தலைவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அப்படியானால் ஏவாரிக்கு எதைக் கொடுப்பது, புழு என்ற வார்த்தை வெளியே போனால் இந்த ஏரி மீனை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். செத்தது போக கடல் தொட்டியில் மிச்சம் இருக்கிறதே, எப்போதும்போல அதையே விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்போம் என்றார்.

"கடல்ல யாரும்மா வந்து கேக்கப் போறா?"

"அதான் இத்தன வருஷமா யாரும் கேக்கல" என்றாள்.

அவள் சத்தம் போடவில்லை. கெட்டிக்காரி சத்தம் போடாமல் பேசி அந்தச் சங்கம் பார்த்ததில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதற்குமேல் வாதாடவில்லை. ஏவாரியிடம் அவளே போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். குடலோடு அறுத்து எறிகிற புழுதானே என்று அவர் விலையைக் குறைத்து எடுத்துக்கொண்டார். அந்தக் குடலை ஆற்றிலோ ஏரியிலோ கொட்டாமல் எரித்துவிட வேண்டும் என்ற டாக்டர் வார்த்தையையும் அவரிடம் சேர்த்தாள்.

லாரி வந்தது. சந்தைத் தொட்டி மீனை வீட்டுக்காரரும் அவளும் கூடையில் அள்ளி ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் லாரிக்காரர் பழக்கப்படி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் தண்ணீருக்குள் கையை விடவில்லை. அவரும் மூடியை இறக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை வராமல் மூட அவருக்குக் கை வரவில்லை.

"தெரியலண்ணே. மூடுங்க" என்றாள். மூடியதும், தானும் ஆறு வரைக்கும் வருவதாகச் சொல்லி முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அணையைச் சுற்றிப் போகிற சாலை குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் பின்னால் திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தியதும் முதலில் கண்ணில் பட்டவை நாரைகள். பெரிய சாம்பல் நாரைகள், கரை நெடுக, ஆளுக்கு ஓர் இடம் பிடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தன. இன்னும் சில மரத்திலிருந்து இறங்கி வந்தன.

"நம்ம வண்டி சத்தம் கேட்டாப் போதும், வந்துடும்" என்றார் லாரிக்காரர் சாதாரணமாக. சொல்லிவிட்டுக் குழாயை மாட்டப் போனார்.

மீன் தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு ஆற்றில் விழுந்தது. விழுந்ததும் ஒரு வால் வீச்சு, பிறகு அங்கே எதுவும் இல்லை. அடுத்ததும் அப்படியே. தொளதொள என்று அவள் ஒதுக்கிய ஒவ்வொன்றும் நேராக அடியில் இறங்கி, வந்த திசையைத் திரும்பியும் பார்க்காமல் போய்விட்டது. கடைசி மீனும் போன பிறகு தண்ணீர் வெறுமனே ஓடியது. லாரிக்காரர் பழக்கத்தில் கரையோரம் குனிந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, மேலாப்பில் தேடினார்.

"என்னம்மா இது, ஒண்ணுகூட நிக்கல."

அவள் நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவள் பார்வை போன பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மூடியைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை வருஷமும் மேலாப்பில் சுற்றியவை மனசில்லாமல் அல்ல, முங்க முடியாமல்தான் சுற்றின என்று புரிந்த மாதிரி, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"முன்ன நாம விட்ட மீனுங்க எவ்வளவு நேரம் இங்க சுத்தும்ணே?"

"நான் கெளம்புற வரைக்கும் இங்கயேதான்மா இருக்கும்" என்றார்.

நாரைகள் கழுத்தை நீட்டித் தண்ணீரைப் பார்த்தபடி நின்றன. நம்பிக்கையோடுதான் நின்றன. வெகுநேரம் கழித்து ஒன்று எழுந்து பறந்தது, பிறகு இன்னொன்று. கடைசி நாரை போகும் வரைக்கும் அவள் வண்டியில் ஏறவில்லை.